ஓடிகொலோன் துளியும் ஒரு பிடி மடை மண்ணும்

(லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று ‘பேங்க் ஹாலிடே’. அந்த விடுமுறைகளை 1871-இல் நாடாளுமன்றத்தில் சட்டமாக்கியவர் ஜான் லுபக் என்ற வங்கியாளர். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1842-இல், பக்கத்து ஊரான டௌனுக்கு ஒருவர் குடிவந்தார். அவர்தான் சார்ல்ஸ் டார்வின். டார்வினின் நிழலில் வளர்ந்த அந்தப் பிள்ளை, பெரியவரானதும் பகலில் வங்கிக் கணக்கும் அரசியலும் பார்த்தார். மிச்ச நேரத்தை எறும்புக்கும் தேனீக்கும் குளவிக்கும் கொடுத்தார். அவருடைய ‘ஹை எல்ம்ஸ்’ பண்ணை அன்று கென்ட் மாவட்டத்தில் இருந்தது. இன்று அது லண்டனின் பிராம்லி பகுதியைச் சேர்ந்தது.

1882-இல் வெளிவந்த ‘எறும்புகள், தேனீக்கள், குளவிகள்’ என்ற அவருடைய நூலில் ஒரு சிறிய சோதனை உண்டு. தேன்கூட்டின் வாசலில் சில துளி ஓடிகொலோன் விட்டார். சில வீடுகளில் யூடிகோலன் என்பார்கள். காய்ச்சலடித்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதே வாசனைத் திரவம்தான். விட்ட உடனே தேனீக்கள் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தன. பன்னீர் விட்டாலும் வந்தன. திரும்பத் திரும்பச் செய்தார். சில நாள் போனதும் தேனீக்கள் அந்த வாசனையைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. லுபக் இதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டார்.

படித்துவந்த நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வாசனை மாறவில்லை, தேனீயின் உணர்கொம்பும் மாறவில்லை. ஆனாலும் முதல் நாள் ஓடி வந்த உயிர் சில நாள் கழித்து உள்ளேயே இருந்துவிட்டது. ‘இதனால் நமக்கு ஒன்றும் இல்லை’ என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. கற்றதை எங்கோ வைத்தும் இருக்கிறது. கடுகளவு மூளையில் அதை எங்கே, எப்படி வைத்தது? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

எண்ணக்கூடிய மூளை

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. தேனீக்கு ஏறத்தாழ 10 லட்சம். வாழைப்பழத் தாரைச் சுற்றிப் பறக்கும் பழ ஈக்கு ஏறத்தாழ 1,40,000. மண்ணில் வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு மொத்தமே 302.

அந்த 302 நரம்பணுக்களும் எது எதோடு சேர்கிறது என்ற முழு வரைபடம் கேம்பிரிட்ஜில் 1986-இல் வெளியானது. சிட்னி பிரென்னர் தொடங்கிவைத்த வேலை அது. மூளை என்று சொல்லவே தயங்கும் அளவு சிறிய அந்தப் புழுவுக்கும் மண நினைவு உண்டு. தன்னை நோயில் தள்ளிய பாக்டீரியாவின் வாசனையை அது பிறகு ஒதுக்குகிறது என்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 2005-இல் கண்டார்கள். பழைய மீன்குழம்பைச் சாப்பிட்டு வயிறு கெட்டவர் அந்த வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இதே வகைப் பாடம்தான்.

வரைபட வேலை அங்கே நிற்கவில்லை. பழ ஈயின் புழுப் பருவ மூளையை 2023-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முழுவதுமாக வரைந்து முடித்தார்கள். 3,016 நரம்பணுக்கள், 5,48,000 இணைப்புகள். 2024 அக்டோபரில் வளர்ந்த ஈயின் மூளை வரைபடமும் வந்துவிட்டது. பல நாட்டவர் சேர்ந்து 1,39,255 நரம்பணுக்களையும், அவற்றுக்கிடையே உள்ள 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் வரைந்திருக்கிறார்கள். ஒரு கசகசா விதையளவு இடத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

சிறிய மூளையை ஏன் ஆராய்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோயில் கோபுரத்தின் கட்டுமானத்தைப் படிக்க நினைப்பவர் முதலில் ஒரு சிறிய மண்டபத்தின் கல்லை எண்ணிப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். எண்ணி முடிக்கக்கூடியதைத்தான் முழுதாகப் புரிந்துகொள்ள முடியும்.

மணம் உள்ளே போகும் வழி

பழ ஈயின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் மணத்தை அறியும் நரம்பணுக்கள் ஆயிரத்துக்கும் சற்று மேல். அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகை ஏற்பியை, அதாவது மணத்தைப் பிடிக்கும் பொறியை, தாங்கி நிற்கும். ஒரே வகை ஏற்பி உள்ளவையெல்லாம் மூளைக்குள் ஒரே சிறு உருண்டையில் போய்ச் சேரும். அப்படி ஏறத்தாழ 50 உருண்டைகள். ஒரு வாசனை வந்தால் சில உருண்டைகள் விழிக்கும், வேறொரு வாசனைக்கு வேறு சில. புள்ளிகள் அதே ஐம்பதுதான். எந்தப் புள்ளிகளைச் சேர்க்கிறோம் என்பதில் கோலம் மாறுவதுபோல, விழிக்கும் உருண்டைகளின் சேர்க்கையில் மணம் மாறுகிறது.

இந்த உண்மையை ஈயில் முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஹோமி பாபா அழைத்து வந்தவர் ஒபைத் சித்திகி. அவரிடம் 1970-களில் மாணவியாக வந்தவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். கென்யாவில் பிறந்து, டப்ளினில் படித்து, இந்தியாவைத் தேடி வந்தவர். சில மணங்களை அறிய முடியாத ஈக்களை இருவரும் தேடிப் பிரித்தெடுத்து 1978-இல் எழுதினார்கள். வெவ்வேறு மணங்கள் வெவ்வேறு உருண்டைகளை எழுப்புகின்றன என்று வெரோனிகா 1988-இல் காட்டினார். மண ஆராய்ச்சியில் உலகம் இந்தியாவைத் திரும்பிப் பார்த்ததற்கு இவர்கள் இருவரும் முக்கியக் காரணம்.

உருண்டைகளிலிருந்து செய்தி இரண்டாகப் பிரியும். ஒரு கிளை பிறவிக் குணத்துக்கு: அழுகலின் ஒரு வகை நாற்றத்தைக் கண்டால் ஓடு, பழுத்ததை நெருங்கு. இதை ஈ கற்கத் தேவையில்லை. மற்றக் கிளை ‘காளான் உடல்’ என்ற பகுதிக்குப் போகும். காளான் வடிவில் இருப்பதால் இந்தப் பெயர். 1850-இல் துஜார்டான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பூச்சிகளில் கண்டு, அறிவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1896-இல் கென்யான் என்ற அமெரிக்கர் தேனீயில் இதன் செல்களைத் துலக்கமாக வரைந்தார். இன்றும் அவை கென்யான் செல்கள்தான். ஈயின் மூளையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000. தேனீயில் பக்கத்துக்கு 1,70,000 போல. மண நினைவின் வீடு இதுதான். 1994-இல் ஜெர்மனியில் ஹைசன்பெர்க்கும் டி பெல்லும் காளான் உடல் வளராதபடி செய்த ஈக்களுக்கு மணம் தெரிந்தது, மின்னதிர்ச்சியும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து நினைவில் வைக்க மட்டும் முடியவில்லை.

அடங்கியிருக்கும் செல்கள்

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. ஒரு மணம் வந்தால் அந்த 2,000 கென்யான் செல்களில் எத்தனை பேசும் என்று நினைக்கிறீர்கள்? நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். மீதி எல்லாம் அடங்கி இருக்கும். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஐந்து பேர் மட்டும் பேசினால் ஐவரின் பெயரும் நிற்கும்.

அப்படி அடக்கி வைப்பது யார்? பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் ஒரே ஒரு பெரிய நரம்பணு. அது காளான் உடல் முழுவதும் கிளை விரித்து, செல்கள் அதிகம் பேசினால் எல்லாவற்றையும் சேர்த்து அமர்த்தும். 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மீசன்பாக் குழுவினர் இந்த ஒற்றை நரம்பணுவின் வாயை அடைத்துப் பார்த்தார்கள். பெரிதும் வேறுபட்ட இரண்டு மணங்களை ஈயால் அப்போதும் பிரித்து நினைவில் வைக்க முடிந்தது. ஒன்றோடொன்று நெருங்கிய மணங்கள் மட்டும் குழம்பிவிட்டன. மல்லிகையையும் முல்லையையும் பிரித்தறியும் நுட்பம், பேசிய செல்களைவிட அடங்கிய செல்களால்தான் வருகிறது என்று நான் இதை வாசித்துக்கொள்கிறேன்.

காய்கறிப் பெயர் கொண்ட ஈக்கள்

இனி, கற்பது எப்படி என்று பார்ப்போம். 1974-இல் கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் க்வின், ஹாரிஸ் ஆகியோர் ஈக்களுக்கு இரண்டு வாசனைகளைக் காட்டினார்கள். ஒன்றோடு சிறிய மின்னதிர்ச்சி, மற்றதோடு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு வாசனைக்கும் நடுவே விட்டபோது ஈக்கள் அதிர்ச்சி தந்த வாசனையை ஒதுக்கின. ஈக்கும் பாடம் ஏறும் என்று அன்றுதான் சந்தேகமின்றித் தெரிந்தது.

அடுத்து, பாடம் ஏறாத ஈக்களைத் தேடினார்கள். 1976-இல் முதலாவது கிடைத்தது. ‘டன்ஸ்’, அதாவது மந்தம் என்று பெயரிட்டார்கள். பின்னர் க்வின் தேடிக் கண்டவற்றுக்கு ரூட்டபேகா, ராடிஷ் என்று கிழங்கு, முள்ளங்கிப் பெயர்கள் அமைந்தன. பெயர் எளிது, பொருள் பெரிது. ரூட்டபேகா மரபணு செய்யும் நொதி ஒரு காவலாளியைப் போன்றது. ‘மணம் வந்தது’ என்ற செய்தியும் ‘அடி விழுந்தது’ என்ற செய்தியும் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்று அது பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளைப் பெருக்குகிறது. டன்ஸ் மரபணுவின் நொதி அதே தூதுப்பொருளைச் சிதைக்கிறது. கடல் நத்தையில் நினைவை ஆராய்ந்து 2000-இல் நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டெலும் இதே தூதுப்பொருளைத்தான் கண்டார். ஈக்கும் நத்தைக்கும் நமக்கும் பொதுவான சொத்து இது.

‘அடி விழுந்தது’ என்ற செய்தியைக் கொண்டுவருவது டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிளாரிட்ஜ்-சாங், மீசன்பாக் முதலியோர் ஒரு மணம் வீசும்போது இவற்றில் 12 நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். அதிர்ச்சி எதுவும் தரவில்லை. ஆனாலும் அந்த ஈ அந்த மணத்தை அடிபட்டதுபோல ஒதுக்கியது. படாத அடியின் நினைவு! தேனீயில் இதற்கு மறுபக்கம் 1993-இலேயே கிடைத்திருந்தது. பெர்லினில் மார்ட்டின் ஹாம்மர், சர்க்கரைத் தண்ணீருக்குப் பதிலாக ஒரே ஒரு நரம்பணுவைத் தூண்டினார். பிறகு அந்த மணம் வந்தபோது தேனீ இனிப்பு வருகிறது என்று நாக்கை நீட்டியது.

மடையில் வைத்த மண்

சரி, அந்த 12 நரம்பணுக்கள் போய் என்ன செய்கின்றன? ‘அஞ்சு’ என்று எங்காவது எழுதி வைக்கின்றனவா?

தஞ்சைப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர்களும், யாழ்ப்பாணத்தில் துலா இறைத்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். நான் அடுத்துச் சொல்வது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். கென்யான் செல்களிலிருந்து வெளியேறும் வழிகளை இரண்டு வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘அருகே போ’ என்ற வயலுக்குப் போகிறது. மற்றது ‘விலகிப் போ’ என்ற வயலுக்கு. பழக்கம் இல்லாத மணத்துக்கு இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறையச் சமமாகப் பாயும். ஈ ஒரு பக்கமும் சாயாது.

மணமும் அடியும் சேர்ந்து வரும்போது டோபமைன் ‘அருகே போ’ வாய்க்காலின் மடைக்கு வருகிறது. அந்த மணத்துக்குப் பேசிய சில செல்களின் இணைப்பை மட்டும், அந்த மடையில் மட்டும், தளர்த்துகிறது. ஒரு பிடி மண்ணை அள்ளி மடையில் வைப்பதுபோல. அடுத்த முறை அதே மணம் வந்தால் ‘அருகே போ’ பக்கம் தண்ணீர் குறைவு. ‘விலகிப் போ’ தானாக வெல்கிறது. 2015-இல் அமெரிக்காவில் டர்னர் குழுவினர் இந்த இணைப்பு வலுவிழப்பதை நேரடியாக அளந்து காட்டினார்கள். இனிப்போடு சேர்ந்த மணத்துக்கு இதன் தலைகீழ் நடப்பதை, அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்காட் வாடெல் குழுவினர் கண்டார்கள்: விலகச் சொல்லும் மடையில் மண் விழுகிறது. வலுப்படும் இணைப்புகளும் மூளையில் உண்டு. ஆனால் ஈயின் மண நினைவில் முதல் வேலையைச் செய்வது இந்த மண்தான்.

நினைவு என்றவுடன் நமக்குக் குதிர் நினைவுக்கு வருகிறது. நெல்லைக் கொட்டி நிரப்புவதுபோல அனுபவத்தைக் கொட்டி நிரப்புவதாக நினைக்கிறோம். பக்கத்துக்கு 2,000 கென்யான் செல் வைத்திருக்கும் உயிருக்கு அப்படி நிரப்பக் கட்டுப்படியாகாது. அது மணத்தைச் சேமிப்பதில்லை. மணம் வந்தால் எந்தப் பக்கம் போவது என்ற வழியை, வேண்டாத வழியை அடைப்பதன் மூலம் சேமிக்கிறது. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்: சிறிய மூளை அமைதியால் நினைக்கிறது.

வைத்த மண் நிரந்தரம் இல்லை. 2012-இல் ரான் டேவிஸின் ஆய்வகம் ஒன்றைக் கண்டது. கற்பித்த அதே டோபமைன் நரம்பணுக்கள் கற்பித்த பிறகும் மெல்லச் சுரந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்தினால் நினைவு நீடிக்கிறது. மடை மண்ணைத் தண்ணீர் மெல்ல அரிப்பதுபோல, மறதியும் மூளை செய்கிற வேலைதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈக்கு ஒரே பாடத்தைப் பத்து முறை இடைவிடாமல் நடத்தினால் அந்த நினைவு சில நாளில் தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே 15 நிமிடம் ஓய்வு விட்டு அதே பத்து முறை நடத்தினால் ஒரு வாரமும் நிற்கும். டிம் டல்லி 1994-இல் இதைக் காட்டினார். ஓய்வு விட்ட பாடத்துக்குத்தான் செல் புதிய புரதத்தைச் செய்து நினைவை உறுதியாக்குகிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழிக்கும் பிள்ளைகள் இந்த ஈயை நினைத்துக்கொள்ளுங்கள்.

லுபக்கின் தேனீக்கு விடை

இப்போது ஹை எல்ம்ஸுக்குத் திரும்புவோம். ஓடிகொலோன் வாசனையோடு அடியும் வரவில்லை, இனிப்பும் வரவில்லை. தேனீ எப்படிக் கற்றது?

இதே கேள்வியைப் பழ ஈயில் கேட்டவர் மணி ராமசாமி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்திலும் ஆய்வு நடத்தியவர். அந்த பெங்களூர் மையத்தைத் தோற்றுவித்தவர் சித்திகி. ஈக்களை நான்கு நாள் ஒரே வாசனையில் வைத்தார்கள். பிறகு அவை அந்த வாசனையைப் பொருட்படுத்துவது குறைந்தது. காரணம் காளான் உடலுக்கு முன்னாலேயே இருந்தது. நான் சொன்ன ஐம்பது உருண்டைகளில், அந்த வாசனைக்கு விழிக்கும் உருண்டையைச் சுற்றியுள்ள அமர்த்தும் நரம்பணுக்கள் வலுப்பெற்றிருந்தன. பழகிய மணம் உள்ளே நுழையும்போதே ‘தெரியும், தெரியும்’ என்று தோளைத் தட்டி உட்கார வைக்கும் நரம்பணுக்கள் அவை. மற்ற மணங்களுக்கு வழி திறந்தே இருந்தது. 2011-இல் வெளியான இந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் வெரோனிகா ரோட்ரிக்ஸின் பெயரும் இருக்கிறது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

இதை நாம் எல்லோரும் நம் வீட்டு வாசலில் அனுபவித்திருக்கிறோம். நம் வீட்டில் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசனை உண்டு. தினமும் இருக்கும்; நமக்குத் தெரியாது. ஊருக்குப் போய் நான்கு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி, ஹீத்ரோவிலிருந்து பெட்டியோடு வந்து கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் அது முகத்தில் அடிக்கும். அட, இது நம் வீடு என்று மனம் இறங்கும். மறுநாள் காலை அது போய்விடும். அன்றாடத்தை அமர்த்தி வைத்தால்தான் புதியது கண்ணில் படும். அடுப்பில் பால் கரிகிற வாசனை உடனே நம்மை எழுப்புவது, மற்ற வாசனைகள் அமர்ந்திருப்பதால்தான்.

காப்பிப் பூவின் தந்திரம்

லண்டனுக்கும் பங்குள்ள இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். நம் காப்பியைப் பற்றியது. கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்டீவன்சன், நியூகாசிலில் இருந்த ஜெரால்டின் ரைட் முதலியோர் 2013-இல் காப்பிப் பூவின் தேனையும் எலுமிச்சை, ஆரஞ்சு இனப் பூக்களின் தேனையும் ஆராய்ந்தார்கள். இரண்டிலும் கொஞ்சம் கஃபீன் இருந்தது. தேனீக்குக் கசக்காத அளவில் மட்டும். சர்க்கரைத் தண்ணீரோடு கஃபீனும் கலந்து கொடுத்த தேனீக்கள், வெறும் சர்க்கரை குடித்தவற்றைவிட மும்மடங்கு எண்ணிக்கையில் மறுநாளும் பூமணத்தை நினைவில் வைத்திருந்தன.

ஏற்காட்டிலும் குடகிலும் மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணக்கும். சில நாளில் உதிர்ந்துவிடும். அந்தச் சில நாளில் தேனீ தன்னை மறக்கக் கூடாது என்பது செடியின் தேவை. மூளையில் அடினோசின் என்ற பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்துகிறது. கஃபீன் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமைதி சற்றே தளர, கென்யான் செல்கள் அந்த மணத்துக்கு ஓங்கிப் பேசுகின்றன. நாம் காலையில் டபராவில் ஆற்றிக் குடிப்பதும் அதே பொருளைத்தான்.

நாம் திணிக்கும் அமைதி

இவ்வளவு நுட்பமாகக் காக்கப்படும் அமைதியில் நாம் கை வைக்கிறோம். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க என் மனம் ஒப்பாது.

நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை பூச்சியின் நரம்பணு ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. கென்யான் செல்களிலும் அந்த ஏற்பிகள் உண்டு. 2013-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில், மிகக் குறைந்த அளவு இமிடாகுளோபிரிட் பட்டாலே தேனீயின் கென்யான் செல்கள் செயலிழந்து போவதைக் கண்டார்கள். 2015-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில், வயலில் படக்கூடிய அளவு தையாமெத்தாக்சம் உண்டுவந்த பம்பிள் தேனீக்கள் பூமணத்தை மெதுவாகக் கற்றன, கற்றதையும் சீக்கிரம் மறந்தன. பூச்சி சாகவில்லை. பூவுக்குப் போகும் வழியை மறந்தது. பூவை மறந்த தேனீ கூட்டுக்கு என்ன கொண்டுவரும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றில் மூன்றைத் திறந்த வயல்களில் பயன்படுத்த 2018-இல் தடை வந்தது. அதன் பிறகும் இங்கிலாந்தில் சர்க்கரை பீட்ரூட் பயிருக்கு அவசர அனுமதி பல முறை தரப்பட்டு, 2025-இல்தான் மறுக்கப்பட்டது. நம் ஊர்ப் பருத்தி, நெல் வயல்களில் இமிடாகுளோபிரிட் இன்றும் கைக்கெட்டும் மருந்து.

இந்த மாநகரத்து வாகனப் புகைக்கும் இதில் பங்கு உண்டு. சவுத்ஹாம்டனில் 2013-இல் கடுகினப் பூ ஒன்றின் மணப் பொருள்கள் எட்டை டீசல் புகையோடு கலந்து பார்த்தார்கள். இரண்டு பொருள்கள் ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போயின. அந்த இரண்டும் இல்லாத மணத்தைத் தேனீக்களால் சரியாக அடையாளம் காண முடியவில்லை. கோலத்தில் இரண்டு புள்ளியை அழித்தால் அது வேறு கோலம்.

தேனீ தானாகக் கற்ற அமைதி அதற்கு அறிவு. நாம் அதன்மேல் திணிக்கும் அமைதி அதற்குப் பட்டினி. இந்த வேறுபாட்டை உணர்ந்தால் நாம் செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். வீட்டுத் தோட்டத்திலும் பால்கனித் தொட்டியிலும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். லாவெண்டரோ தைமோ ஒரு தொட்டியாவது வையுங்கள். கொத்தமல்லியையும் கடுகையும் சமையலுக்குக் கிள்ளியதுபோக ஒரு வரிசையைப் பூக்க விடுங்கள். ஊரில் விவசாயம் பார்க்கும் உறவினர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் மருந்து அடிக்காமல் இருக்க அவர்களிடம் பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹை எல்ம்ஸில் லுபக்கின் மாளிகை 1967-இல் தீக்கிரையாகிவிட்டது. தோட்டமும் காடும் பொதுப் பூங்காவாக இன்றும் இருக்கின்றன. ஆர்பிங்டனிலிருந்து அதிக தூரம் இல்லை. வருகிற ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே அன்று, அந்த விடுமுறையை நமக்குப் பெற்றுத் தந்தவரின் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பூச்செடி ஒன்றின் முன் பத்து நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். ஒரு தேனீ எந்தப் பூக்களில் இறங்குகிறது என்று எண்ணட்டும். எந்தப் பூக்களைப் பாராமல் கடந்து போகிறது என்பதையும் கட்டாயம் எண்ணச் சொல்லுங்கள்.